பேனா மூடி

அரசு உதவி வழக்கறிஞர் தேர்வு எழுத நாஜியாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது வரம்பு இடிக்கும். சட்டமெல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருந்தது. இடித்தது கைதான்.

மனு எழுதச் சொல்லி ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஆனால் விடைத்தாளுக்குள் பெயரோ கையெழுத்தோ இருந்தால் தாள் செல்லாது. நாஜியாவோ சீனியர் ஆதிகேசவனிடம் ஜூனியராகச் சேர்ந்த நாள் முதல் தினமும் ஜாமீன் மனு எழுதுபவள். 'மனுதாரர் வழக்கறிஞர்' என்று கடைசி வரி எழுதியதும் அதன் மேல் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, உடன் படிக்கும் சுமலதா பயிற்சித் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"மறுபடியும் போட்டுட்ட பாரு! நீ இன்னா சினிமா ஸ்டாரா, கெடைச்ச பேப்பர்ல எல்லாம் ஆட்டோகிராப் போட்டுகினு?"

"நான் எங்கடி போட்டேன்?"

"அப்ப இது யாரு போட்டது? ஸ்டேஷன் மாஸ்டரா?"

தன் கையெழுத்தையே நாஜியா யாருடையதோ போலப் பார்த்தாள். போட்ட நினைவே இல்லை.

"ஒண்ணு செய். கடைசி வரி முடிஞ்சதும் பேனாவுக்கு மூடி போட்டுடு. அப்புறம் தெறக்கவே தெறக்காத" என்றாள் சுமலதா.

அன்றிலிருந்து பயிற்சி அப்படியே நடந்தது. கடைசி வரி, மூடி. கடைசி வரி, மூடி. பெஞ்சுக்குப் பக்கத்தில் கூடை வைத்திருந்த பூக்காரம்மா, "இந்தப் பொண்ணு பேனாவ மூடி மூடிப் பாக்குதே, மை ஒழுகுதா?" என்று கேட்டாள்.

தேர்வில் ஜாமீன் மனுதான் வந்தது. நாஜியா மளமளவென்று எழுதினாள். மணி அடித்தது, தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் பிடித்தது.

"மூடி போட்டியா?" என்று கேட்டாள் சுமலதா.

"போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்புறம் இன்னா?"

"அது ஹால்ல போட்டதா, ஸ்டேஷன் பெஞ்சுல போட்டதான்னுதான் தெரியல."

சனி, ஞாயிறு முழுக்க அதே குழப்பம். கண்ணை மூடினால் ஒரு தடவை கையெழுத்து தெரிந்தது, மறு தடவை வெறும் தாள் தெரிந்தது. காலையில் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவளிடம் கணவன் ஷாஹுல், "நாஷ்டாவக் கூட இப்படி மொறைச்சிப் பாத்துகினு இருந்தா அது இன்னா பதில் சொல்லும்?" என்றான்.

திங்கட்கிழமை நாஜியா ஒரு ஜாமீன் மனு எழுதி, கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லி குமாஸ்தா கோபாலிடம் கொடுத்தனுப்பினாள். போன வேகத்திலேயே அவர் திரும்பி வந்தார்.

"மேடம், ரிட்டர்ன் பண்ணிட்டாங்க. வக்கீல் கையெழுத்தே இல்லியாம்."

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா இது? உள்ள இருக்கறவன் இன்னும் ஒரு நாள் உள்ளயே கெடக்கணுமா?"

"சாரி சார். கோபாலண்ணா, நெஜமாவே இல்லியா? நல்லாப் பாத்தீங்களா?"

"நீங்களே பாருங்க மேடம்."

கடைசி வரிக்கு மேலே வெள்ளையாக இருந்தது. பேனா, மூடி போட்டபடி மேசையில் கிடந்தது. நாஜியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மனு ரிட்டர்ன் ஆனா அழுவாங்க, இவங்க இன்னாடான்னா சிரிக்கிறாங்க சார்" என்றார் கோபால்.

நாஜியா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்கக் கை தயங்கியது. திறந்து, கையெழுத்துப் போட்டு, போட்டிருக்கிறோமா என்று இரண்டு தரம் பார்த்த பிறகே மனுவை நீட்டினாள்.