இது தப்பு

பாட்டுப் பெட்டியின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டு, "யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. காதாலதான் கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர் ஜீவராஜ். உள்ளே ஏதோ புதுப்பெண் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெளியே தூறல். எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் தூறாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றை யாராவது கண்டிருந்தால் வந்து சொல்லட்டும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வரிசை வீட்டு லயத்தில் பாதி வந்து உட்கார்ந்திருந்தது. இடம் போதாதவர்கள் வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நின்றார்கள். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் மாமியார் ராக்காயி. நாற்காலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரம் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் ஒரு கயிற்றால் அளந்து பார்த்துத்தான் அவங்களை அதில் உட்கார வைத்திருந்தார்.

அவருக்குக் கொழும்பில் சவுண்ட் செட் விற்கிற கடையில் வேலை. அது இரண்டாயிரத்து ஆறாம் வருசம். வாடிக்கையாளர் ஒருவர் புதிது வாங்கிக்கொண்டு பழைய பிளேயரைக் கடையில் விட்டுப் போக, முதலாளி அதை இவரிடம் கொடுத்துவிட்டார். சாதாரண சீடியும் ஓடும், அதைவிடத் துல்லியமாகப் பதிகிற டிவிடி ஓடியோவும் ஓடும் பிளேயர் அது. ஹட்டன் வரைக்கும் ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் அதை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். கல்யாணம் முடிந்த புதிதில் என் பெட்டியைக்கூடத் தூக்காத மனுசன்.

மாசி மாதம் காமன் கூத்து நேரத்தில் கடையின் டிஜிட்டல் ரெக்கோடரை இரவல் வாங்கி வந்து, கோயில் முற்றத்தில் எங்கள் ஆட்களைப் பதிந்துகொண்டு போயிருந்தார். வீரம்மா அக்காவும் கூட்டாளிகளும் பாடிய கொழுந்துப் பாட்டு, ஒரு தாலாட்டு, அதற்குப் பிறகு என் அப்பா அழகுமுத்து அடித்த தப்பு. ஒவ்வொன்றும் தொடங்குவதற்கு முன்னால் அது இன்னதென்று ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் பிறகு பிரித்தெடுக்கச் சுலபமாம். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அத்தனை குழந்தைகளையும் தனியாளாக மேய்க்கிறவள் நான். என் தொண்டை யாருக்குக் கேட்காமல் போகும்?

அந்தப் பதிவைத்தான் இப்போது மூன்று தட்டுகளில் கொண்டுவந்திருந்தார். ஒன்று எம்பீத்திரி, ஒன்று சீடி; இரண்டையும் கடைக் கம்ப்யூட்டரில் அவரே செய்தார். மூன்றாவது பொன் நிறத்தில் மினுக்கிய டிவிடி ஓடியோ. அதை வெள்ளவத்தையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் அவருடைய சிநேகிதன், யாழ்ப்பாணத்துத் தேனுஜன், செய்து கொடுத்திருந்தான். பிட்டு, கிலோஹேட்ஸ் என்று அவர் தொடங்கியதும் இஸ்தோப்பில் நின்ற நல்லமுத்து அண்ணன் கொட்டாவி விட்டார். உடனே இவர் பாதையை மாற்றிக்கொண்டார்.

"நம்ம ஃபெக்டரியிலயே பாருங்க. எம்பீத்திரிங்கிறது டஸ்டுத் தூள். சாயம் எறங்கும், வாசம் இருக்காது. சீடி நல்ல தூள். இந்தத் தங்கத் தட்டு இருக்கே, அது கப்பல்ல போற எல."

"நம்ம பறிக்கிற எலைய நம்ம என்னைக்குக் குடிச்சோம்?" என்றார் நல்லமுத்து அண்ணன்.

"இன்னைக்குக் குடிங்க" என்றார் இவர். அந்த ஒரு பதிலுக்காக அவரை மறுபடியும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

என் அப்பா கதவு நிலையோடு ஒட்டி, புதுச் சட்டையோடு நின்றார். ஏன் புதுச் சட்டை என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் அப்பாவின் தப்புச் செட்டுதான் அடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். விடிந்தால் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குக் கூப்பிடுவது தப்படி. காமனுக்குத் தப்பு. ஆனால் செத்த வீட்டுக்கும் அதே தப்புதான். "எழவு மேளம் எம்புள்ள கல்யாணத்துல கேக்கக் கூடாது" என்று மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாங்க. ஊர் முழுக்க அடித்த மனுசன், சொந்த மகள் கல்யாணத்தில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கசட்டில் ஓடிய நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கு அந்த நாற்காலியில் ராக்காயி உட்கார்ந்து, இருப்பதிலேயே உசத்தியான தட்டில் அப்பாவின் அடியைக் கேட்க வேண்டும். அப்பா அதற்காகத்தான் வந்திருந்தார். நானும் அதற்காகத்தான் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடாமல் கிடந்தேன்.

முதல் தட்டு ஓடியது. பாட்டு வந்தது, தாலாட்டு வந்தது, பிறகு தப்பு. அடி விழுந்தது, ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நசநசவென்று கேட்டது. "தகரத்துல கல்லு விழுற மாதிரில்ல இருக்கு" என்றாங்க மாமியார். அப்பாவின் முகம் சுருங்கியது. இவர் துவாய்க்குள் கையை விட்டுத் தட்டை மாற்றினார். சத்தத்தை ஒரு துளிகூடக் கூட்டவில்லை. கூட்டிவிட்டால் காது ஏமாந்து அதுதான் நல்லது என்று சொல்லிவிடுமாம். இரண்டாவது தட்டில் தப்பு வந்தபோது தடித்த குச்சி தனியாகவும் மெல்லிய குச்சி தனியாகவும் காதில் விழுந்தன. இஸ்தோப்பில் யாரோ காலால் தாளம் போட்டார்கள். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுதான் தங்கத் தட்டு. நான் கண்டுபுடிச்சிட்டேன்" என்றாங்க.

"அம்மா, அது சீடிம்மா!"

காம்பராவே சிரித்தது. மாமியாரும் சிரித்தாங்க. "இதுவே இப்படின்னா அது எப்படி இருக்கும், போடு போடு" என்று அவசரப்படுத்தினாங்க. அப்பா என்னைப் பார்த்தார்.

பொன் தட்டு ஓடியது. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புருசன் மனது நோகக் கூடாதென்று தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்சம் போனபிறகுதான், வீரம்மா அக்கா அடுத்த வரியை எடுக்குமுன் மூச்சை இழுப்பதும், அவருடைய கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசுவதும் கேட்டன. "அடியே, நானாடி அது?" என்று வீரம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தாலாட்டு வந்து முடிந்தது. அப்பா சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். எல்லோரும் காத்திருந்தோம். பெட்டிக்குள் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். தட்டு நின்றுவிட்டது.

இவர் துவாயை எடுத்தார். திரும்பப் போட்டார், தள்ளிப் போட்டார், தட்டைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பாட்டு, தாலாட்டு, அவ்வளவுதான்.

அப்பா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "கல்யாணத்துக்காவது முன்கூட்டியே சொன்னீங்க மாப்புள" என்றார். "இதையும் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனே."

"ஐயோ மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது."

அப்பா இவரைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தார். காம்பராவில் இருந்த எல்லோரும் மாமியாரைத்தான் பார்த்தார்கள். நானும்தான், மறைப்பானேன். மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைய ஏன் பாக்குறீங்க? நான் ஒரு வார்த்த சொன்னேனா? டேய், போனப் போடுடா அந்தப் பயலுக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு!"

எங்கள் லயத்தில் ஜன்னல் கம்பியோரம் மட்டும்தான் சிக்னல். இவர் போனை அங்கே பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டார். "தேனு, டிவிடியில கடைசி டிராக் இல்லையே, என்னாச்சு?"

"அதோ? அதை நான் எடுத்துப்போட்டன் அண்ணை" என்றான் தேனுஜன் வெகு சாதாரணமாக. "அந்த அக்காவே துவக்கத்தில தெளிவாச் சொல்லுறா, 'இது தப்பு' எண்டு."

எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பியது.

"நாங்கள் பிழை எண்டு சொல்லுறதைத்தானே உங்கட பக்கம் தப்பு எண்டுவினம்? எனக்கெண்டா அடி நல்லாத்தான் கேட்டுது. ஆனா அவ அவ்வளவு உறுதியாச் சொல்லேக்க நான் என்ன செய்யிறது? பிழையான டேக் ஆக்கும் எண்டு மூலப் பதிவில இருந்தே அழிச்சுப்போட்டன்."

முதலில் சிரித்தது நல்லமுத்து அண்ணன். பிறகு இஸ்தோப்பு முழுவதும். வீரம்மா அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். விசயம் விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்தபடியே வழுக்கிக் கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த சீடியில இருக்குல்ல? அதுல இருந்து தங்கத் தட்டுல ஏத்திர வேண்டியதுதானே?" என்று கேட்டாங்க.

"தூளாக்குனத மறுபடி கொழுந்தாக்க ஏலாதும்மா" என்றார் இவர்.

போனில் தேனுஜன் பதறிப்போயிருந்தான். "குறை நினைக்காதேங்கோ. திரும்பப் பதிஞ்சு தாங்கோ, நான் செய்து தாறன். இந்த முறை பறை எண்டு சொல்லச் சொல்லுங்கோ, குழப்பம் வராது."

நான் போனைப் பிடுங்கினேன். "தம்பி, எங்க தாத்தா காலத்துல இருந்து அது தப்புதான். பேர நாங்க மாத்த மாட்டோம். நீங்க காதத் தீட்டிக்கங்க."

"ஓம் அக்கா, ஓம் ஓம்" என்றான் பாவம்.

அடுத்த நாள் நடக்கவிருந்த கோயில் பஜனையைப் பதிவதற்காக இவர் மறுபடி இரவல் வாங்கி வந்த ரெக்கோடர் பைக்குள்ளேயே இருந்தது. அப்பாதான் தயங்கினார். "மழையில வெளிய அடிக்க ஏலாது மாப்புள. ஈரத்துக்குத் தோலு தொவண்டு கெடக்கும். அடுத்த தடவ வரும்போது பாப்போம்" என்றார். மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து, நேராகக் குசினிக்குள் போயிட்டாங்க. கோபித்துக்கொண்டுதான் போறாங்க என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மிலாறு படபடவென்று எரிகிற சத்தம் கேட்டது. கவ்வாத்து வெட்டிக் காயப்போட்ட தேயிலைக் குச்சி அப்படித்தான் எரியும். குசினி வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "அடுப்பு நல்லா எரியுது. கொண்டாந்து காய வைக்கச் சொல்லுங்க. இங்க உள்ளயே அடிக்கட்டும்" என்றாங்க.

நல்லமுத்து அண்ணன் குடையோடு ஓடி, உரச்சாக்கில் சுற்றித் தப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மாமியாரின் குசினிக்குள் போய், அடுப்பு முன்னால் குந்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். விரலால் சுண்டிப் பார்த்தார். இன்னும் இல்லை. மறுபடி காட்டினார். சுண்டியபோது தோல் 'கிண்' என்றது. ஜீவராஜ் ரெக்கோடரின் சத்த அளவைக் குறைத்து, மைக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். கடைசி அடி விழுந்தபிறகு அதிர்வு அடங்கும் வரைக்கும் ஒருவரும் மூச்சுக்கூட விடக் கூடாது என்று எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். "இது தப்பு" என்றேன். "எங்க தோட்டத்துத் தப்பு. அடிக்கிறது எங்கப்பா, அழகுமுத்து."

அப்பா குசினி வாசலிலேயே, அடுப்பு அனல் படுகிற தூரத்தில் நின்று அடித்தார். அந்தச் சின்னக் காம்பராவுக்குள் அது என்ன பாடுபட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ராக்கையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. பெரட்டு அடியில் தொடங்கிக் காமன் அடிக்குப் போனார். அங்கிருந்து நான் என்றைக்குமே கேட்டிராத ஓர் அடிக்குப் போனார். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. என் அப்பாவாக்கும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

கடைசி அடி விழுந்தது. அப்பா இரண்டு குச்சிகளையும் அந்தரத்தில் அப்படியே நிறுத்தினார். தோலின் முணுமுணுப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஒருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணை ரெக்கோடரில் வைத்தபடி, நிறுத்தும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"இன்னொருக்கா அடிங்க, சம்மந்தி" என்றாங்க மாமியார்.

நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசம். என் பெயரை வைத்து "வினோதா அப்பா", "அவுக", "ஒங்கப்பன்" எல்லாம் அந்த வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தோல் கொஞ்சம் தொய்ந்திருக்க வேண்டும்; தப்பை அடுப்புப் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஜீவராஜ் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ரெக்கோடரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.