பால் தடவிய பஞ்சு

சன்னாசியின் வாக்மேனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த இரண்டு கறுப்புப் பஞ்சைத் தவிர. காதில் செருகும் குமிழுக்கு உறையாக மாட்டியிருக்கும். புளியங்கொட்டை அளவுகூட இராது. ஆனால் அது ஓரிடத்தில் தங்கினால்தானே! புல்லில் விழும், ரப்பர்ப் பால் வாளியில் விழும். ஒருமுறை குழம்பில் விழுந்து, அம்மா தாயம்மா அதைச் சுண்டைவற்றல் என்று நினைத்து அவன் தட்டிலேயே போட்டாள்.

பஞ்சு இல்லாவிட்டால் குமிழ் காதை அறுக்கும், வழுக்கி வெளியே வரும். சிரம்பான் டவுன் கடைக்காரனிடம் கேட்டால், பஞ்சு தனியாக வராது, முழு செட்டும் வாங்கு என்றான். நூலால் கட்டிப் பார்த்தான், சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தான். லிங்கி ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் தினமும் காலையில் இந்தப் பஞ்சைத் தேடும் படலம்தான். அது தொண்ணூற்றொன்றாம் வருஷம்.

அக்கா மயிலம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. அவளும் அதே தோட்டத்தில்தான் பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. தோட்டத்துச் சனத்துக்கு எது கிழிந்தாலும் உடைந்தாலும் கை தானாகப் போவது பாலிடம்தான். செருப்பு, பந்து, சைக்கிள் டியூப் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்தாள். ஓரத்தில் ஒரு சொட்டு தடவியிருந்தால் போதும். இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று இரண்டு பஞ்சையும் பாலிலேயே ஊறவைத்து, குமிழில் மாட்டி, அடுப்படியில் காயவைத்துவிட்டாள். பஞ்சு முழுசும் ரப்பராகிக் குமிழைக் கவ்விக்கொண்டது. பாட்டு வர நடுவில் மட்டும் ஊசியால் துளை குத்தினாள். அவன் காதுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அடைத்தது.

சன்னாசி தலையை உதறிப் பார்த்தான், குதித்துப் பார்த்தான்.

"அக்கா, இனிமே தலையே கழண்டாலும் இது கழலாதுலா!"

முன்பெல்லாம் அவன் பாட்டுக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் 'சிக்குச் சிக்கு' என்று கேட்கும், கூப்பிட்டால் திரும்புவான். பால் தடவிய பிறகு ஒரு சத்தமும் கசியவில்லை. வாசலில் நின்று கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. மயிலம்மாள் சிரித்துக்கொண்டே துண்டைச் சுருட்டி அவன் முதுகில் எறிவாள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நடந்த விளையாட்டு, அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பத்தே நாள். பால் நிறுக்கும் கொட்டகை வாசலில், காதில் பாட்டோடு குனிந்து வாளி கழுவிக்கொண்டிருந்தவன்மேல் பால் ஏற்றும் லோரி பின்னோக்கி வந்து ஏறிவிட்டது. காலை பத்து மணி, நல்ல வெயில்.

"மூணு வாட்டி ஹோன் அடிச்சேன்யா! சாமி சத்தியமா அடிச்சேன்!" லோரி ஓட்டிய இராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

யார் நம்புவது? கொட்டகைக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. 'பாட்டுக் கேட்டாலும் கூப்பிட்டா திரும்புற பையனாச்சே, ஹோன் அடிச்சா நகர மாட்டானா?' என்றது தோட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆபீஸில் இராஜமாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் பெண்டாட்டி வள்ளிநாயகி குடத்தோடு வந்தால் பைப்படியில் ஒருத்தியும் இடம் விடவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மயிலம்மாளுக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

சவப்பெட்டியை மூடுமுன் தாயம்மா வாக்மேனைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. "போற வழியில பாட்டாவது கேக்கட்டும்" என்று இரண்டு குமிழையும் மகன் காதில் அவளே செருகினாள். மயிலம்மாளின் கை தன்னை அறியாமல் நீண்டது. பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்களே! கையை இழுத்துக்கொண்டாள். அப்படியே புதைத்தார்கள்.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனாள். ஆறாவது நிரையில் மரத்தில் கத்தியை வைக்கும்போது, இரண்டு மரம் தள்ளி சன்னாசி வாளியோடு நடந்துபோனான். அதே நீலச் சட்டை, அதே பாட்டுக்குத் தலையாட்டும் நடை. அவளுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி!"

அவன் திரும்பவில்லை. ஓடினாள். எவ்வளவு ஓடினாலும் அதே இரண்டு மரம் தூரம். அப்போது அவள் பின்னால் ஹோன் சத்தம், மூன்று தடவை. துள்ளி விலகித் திரும்பிப் பார்த்தால் காய்ந்த இலைதான் கிடந்தது.

"எந்த ஹோன்? இங்க எப்படிக்கா லோரி வரும்?" என்றாள் அடுத்த நிரையில் வெட்டிய நீலாவதி.

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். மயிலம்மாளுக்குப் பேயிடம் பயமில்லை. திரும்பி அவளை ஏசினால், ஓர் அறை விட்டால்கூட நிம்மதியாகியிருப்பாள். "நாந்தான்டா அடைச்சேன், மன்னிச்சிருடா" என்று அந்த முதுகைப் பார்த்துக் கதறினாள். அவன் தலையாட்டியபடி போய்க்கொண்டே இருந்தான்.

எட்டாம் நாள் படையல். சார்டின் சம்பல், வறுத்த மீன், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். இலையில் சோற்றைக் கையால் தடவிச் சமமாக்கினார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். வந்து சாப்பிட்டதற்கு அடையாளமாகச் சோற்றில் ஒரு தடமாவது இருக்கும் என்பது தோட்டத்து நம்பிக்கை.

"சன்னாசி, சாப்பிட வாடா!" தாயம்மா மூன்று முறை கூப்பிட்டாள்.

கதவைத் திறந்தார்கள். சோறு தடவியது தடவியபடி இருந்தது. மறுபடி சாத்தி மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு பருக்கைகூட அசையவில்லை.

தாய்மாமன் ராமசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "பழி தீரல. அதான் புள்ள வீட்டுக்குள்ள வர மாட்டேங்கிறான். அந்த லோரிக்காரன இழுத்தாங்கடா, இந்த எலைக்கு முன்னால அவன் காலு ரெண்டையும் முறிக்கிறேன்!"

நாலு பேர் விறகுக்கட்டையோடு கிளம்பினார்கள். மயிலம்மாள் பாய்ந்து வாசலை மறித்தாள்.

"அவன் ஹோன் அடிச்சான் மாமா. சன்னாசிக்குத்தான் கேக்கல. இப்ப நாம கூப்புடுறதும் கேக்காது. அந்தப் பஞ்ச பால்ல முக்கி ஒட்டுனது நான்தான். காத அடைச்சே பொதைச்சிட்டோம். இராஜமாணிக்கம் அண்ணன் மேல கைய வைக்காதீங்க."

கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. ராமசாமி படியில் உட்கார்ந்துவிட்டார். "யாராச்சும் போயி அந்த லோரிக்காரன்கிட்டச் சொல்லுங்கடா" என்றார். ஒருவன் போனான்.

தாயம்மா எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்று மயிலம்மாள் அசையாமல் நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்குக் காலையில பசியாறாமப் போனான். எனக்குக் கோவம். வாசல்ல எறங்குறப்ப, 'போ, லோரில அடிபட்டுச் சாவு'ன்னு சொல்லிட்டேன்டி. பெத்த வாயால சொன்னேன். எட்டு நாளா எனக்குத் தூக்கமில்ல. அது அவன் காதுல விழுந்துச்சா?"

அன்று அந்த நேரத்தில் மயிலம்மாள் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போயிருந்தாள். குமிழ் அவன் காதில் இருந்ததா, கழுத்தில் தொங்கியதா, அவளுக்குத் தெரியாது.

"விழலம்மா" என்றாள். "ஒண்ணுமே விழல."