சிரிக்கலாம், பேசக் கூடாது

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: சிரிக்கலாம், பேசக் கூடாது.

அப்பா தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் மைக்கை நிறுத்துவார். படத்தைப் பிடித்து வைக்கும் கருவி அப்போது வீடுகளில் கிடையாது. சத்தத்தை மட்டும் நாடாவில் பதியலாம். பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்து ரீல் சுழலத் தொடங்கியதும் உதட்டின்மேல் விரலை வைப்பார். நானும் அக்கா ஏவ்ரிலும் மடியில் தட்டோடு, உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்காமல் வாயிலேயே ஊறவைத்து விழுங்குவோம். அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் தொலைபேசி நிலையத்தில் மாலை வேலை.

நாங்கள் பார்த்தது யுத்தகாலத்து நகைச்சுவைத் தொடர் ஒன்று. பாலைவனத்தில் முகாமிட்ட ராணுவச் சலவைப் பிரிவின் கதை. சண்டை எப்போதும் அடுத்த மணல்மேட்டுக்கு அப்பால்தான் நடக்கும். இவர்கள் தளபதிகளின் காற்சட்டைகளைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிரிவின் மேஜருக்கு மூக்கால் பேசும் குரல். அப்பா உண்மையான யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டியவர். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தத் தொடரைப் பார்க்கும்போது மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

1970 பிப்ரவரியில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. வயது பதினொன்று. ஒரு சனிக்கிழமை தவறிப்போயிற்று. மறுநாள் பார்வை நேரத்தில் அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திடீரென்று மார்பை நிமிர்த்தினார்.

"சார்ஜென்ட்! என் காற்சட்டைக்கு லீவு குடுத்தது யாரு?"

மேஜரின் குரல், அச்சு அசலாக. நான் வாயைப் பிளந்தேன். பேருந்து ஓட்டும்போது பயணிகளுக்கு வணக்கம் சொல்லவே கூச்சப்படும் மனிதர். அன்று கட்டில்களுக்கு நடுவில் நடந்து, குனிந்து, துண்டை மடித்து, முழு அரை மணி நேரக் கதையையும் நடித்துக் காட்டினார். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

"மிஸ்டர் டாப்ஸன், இது ஆஸ்பத்திரி. நாடகக் கொட்டகை இல்ல," என்றாள் தலைமைச் செவிலி.

"பதிவு பண்ணீங்களாப்பா?"

"பண்ணேன் கிளெண்டா, என் வாத்துக்குஞ்சே. ஆனா நாடாவ மெஷின் தின்னுடுச்சு."

பிறகு ஒருநாளும் அவர் அப்படி நடித்ததில்லை. வளர்ந்தபின் யாராவது என் அப்பாவைப் பற்றிக் கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன். என் கல்யாணம் முறிந்த வருடத்தில்கூட அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். கூச்ச சுபாவம் உள்ள ஒருவர் எனக்காக, எனக்காக மட்டும், ஒரு வார்டு நிறைய ஆட்கள் முன்னால் மானத்தை விட்டார் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். சர்ச்சில் நான்தான் எழுந்து பேசினேன். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லி, மேஜரின் குரலிலும் பேசிக் காட்டினேன். முதலில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். ஒரு விக்கலில் தொடங்கி மேலே ஏறும் சிரிப்பு. அதன்பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். கம்பளி நூல் கடை தெல்மா அவள். எங்கள் சிறுவயதில் ஆன்ட்டி தெல்மா. பிறகு ஹாலில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே பண்ணிட்ட தங்கம். அப்படியே."

ஆறுதல் என்று நினைத்து அவள் கன்னத்தில் முத்தமிட்டேன். போன குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

சென்ற மாதம் கராஜைச் சுத்தம் செய்தபோது, அப்பாவின் பிஸ்கட் டின் ஒன்றில் துளையிடும் ஊசிகளுக்கு அடியில் ஒரு ரீல் கிடைத்தது. அட்டையில் அவர் கையெழுத்தில் தேதி: அந்தச் சனிக்கிழமை. மெஷின் தின்றிருக்கவில்லை.

அந்தத் தொடரின் சில பகுதிகளை ஒளிபரப்பியவர்களே அழித்துவிட்டார்கள். அழிந்தவற்றின் ஒலியையாவது தேடிச் சேர்க்கும் ரசிகர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் பார்ஜிட்டரிடம் தேதியைச் சொன்னதும் தொலைபேசியில் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அந்தப் பகுதி உலகத்தில் வேறு எங்கும் இல்லையாம். மறுநாளே நாடா ஓட்டும் கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "உங்க அப்பாவோட ரீல். முதல்ல நீங்க கேளுங்க. செவ்வாய்க்கிழம வரேன்."

கேட்டேன். தொடக்க இசை, மேஜர், அரங்கத்தின் சிரிப்பு. அதற்கு இந்தப் பக்கம் அப்பாவின் சிரிப்பு. எத்தனை வருடம் கழித்து. அதனோடு பின்னிக்கொண்டு, விக்கலில் தொடங்கி மேலே ஏறும் இன்னொரு சிரிப்பு.

நிகழ்ச்சி முடிந்து இசையும் முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் அப்பா பொத்தானை அழுத்துவார். அன்று யாரும் அழுத்தவில்லை. சோபாவின் ஸ்பிரிங் முனகியது. பிறகு மேஜரின் குரல் வந்தது, ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து.

"சார்ஜென்ட்! என் காற்சட்டைக்கு லீவு குடுத்தது யாரு?"

அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். "இன்னொரு தடவ பண்ணு தெல். மெதுவா. நாளைக்குக் கிளெண்டாவுக்குப் பண்ணிக் காட்டணும்."

"மூக்கப் புடிக்காத சிரில். தொண்டைலேர்ந்து மூக்குக்கு வரணும். நெஞ்ச நிமித்து. ஆங், இப்ப சொல்லு."

அவர் சொன்னார். அவள் திருத்தினாள். மூன்று முறை.

"போதும்டா. உன் மகாராணி வேல முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் கெளம்பணும். என் தலமுடிய விடு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் பதினாறு வயது ஏவ்ரிலின் அலுத்துப்போன குரல்: "அப்பா, செவப்பு லைட் எரியுது."

டக்.

செவ்வாய்க்கிழமை காலை ஏவ்ரிலை வரச்சொல்லி அவள் முன்னால் அதை ஓட்டினேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டு முடித்தாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"ரெண்டு மூணு வருஷம். நீ எட்டு மணிக்குப் படுத்துடுவ, அப்புறம் வருவா. அன்னிக்கு நீ இல்லாததால சீக்கிரமே வந்துட்டா."

"அம்மாவுக்கு?"

"அடுத்த வருஷமே தெரியும்."

"ஆக, என்னத் தவிர எல்லாருக்கும்."

"உனக்கு அப்பான்னா உசுரு கிளெண்டா. சொல்ல யாருக்கு மனசு வரும்?"

"அம்பது வருஷமாவா வரல?"

"ஒரு வயசுக்கு மேல எப்படி ஆரம்பிக்கிறது? டீ குடிச்சிக்கிட்டே சொல்ற விஷயமா இது?"

"சர்ச்ல நான் அந்தக் குரல்ல பேசுனேனே. அவ மூணாவது வரிசைல உக்காந்திருந்தா. நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"என் ஷூவப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அப்பா ஒரு பெண்ணோடு இருந்தார் என்பதை என்னால் விழுங்கிவிட முடியும், மனிதர்கள் அப்படித்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் என்னுடையது அல்ல. அது அந்தச் சோபாவில், அவர்கள் இருவரின் விளையாட்டாக உண்டானது. எனக்குக் கிடைத்தது அதன் மிச்சம். அதைத்தான் நான் கட்டிக் காத்து, சர்ச்சில் எழுந்து நின்று, உரியவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"கத்திரிக்கோலால அந்தக் கடைசித் துண்ட வெட்டிட்டுக் குடு," என்றாள் ஏவ்ரில். "அவங்களுக்கு ப்ரோக்ராம்தானே வேணும்?"

அதற்குள் வாசல் மணி அடித்தது.

பார்ஜிட்டர் தேநீரைத் தொடவேயில்லை. ரீலைத் தொடக்கத்துக்குச் சுற்றி, நோட்டுப் புத்தகத்தை விரித்து, மாதாகோவிலில் உட்கார்ந்திருப்பவர் போலக் கேட்டார். நடுவில் ஓரிடத்தில் பேச்சே இல்லாமல் அரங்கம் அரை நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் நாடாவை நிறுத்தினார்.

"இங்க என்ன நடந்துச்சு? ஸ்கிரிப்ட்லயும் இல்ல. மேஜர் ஏதோ பண்றாரு. நீங்கதானே பாத்தீங்க?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு அசைவும் தெரியும். கை தானாக உயர்ந்தது. அதை மடியில் இறக்கிக்கொண்டேன்.

"நான் பாக்கல," என்றேன். "அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தேன். இவதான் பாத்தா. இவளக் கேளுங்க."

ஏவ்ரில் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. பார்ஜிட்டர் சந்தோஷமாக அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"நாங்க மூணு பேரு சோபால உக்காந்திருந்தோம்," என்று தொடங்கினாள்.

"ஒரு நிமிஷம். நன்றிப் பட்டியல்ல மூணு பேரையும் போட்டுடறேன். யார் யாரு?"

"சிரில் டாப்ஸன். ஏவ்ரில் டாப்ஸன்."

அவர் எழுதிவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஏவ்ரில் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டேயிருந்தாள்.

"தெல்மா ரட்," என்றாள் கடைசியில்.

"ரட்... எழுதும்போது ஒரு 'டி'யா, ரெண்டு 'டி'யா?"

அவள் விரல் மறுபடி பொத்தானுக்குப் போயிற்று.

"ரெண்டு," என்றேன் நான்.