மாமரத்தில் தொங்கிய தொண்ணூற்றெட்டு

ஈவ்லினுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. பிறந்த தேதிதான் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேரை அவர் ஜூன் ஒன்றில்தான் பிறக்க வைத்திருந்தார். பாஸ்போர்ட்டில் இருந்தது நிஜத் தேதி, நவம்பர் ஒன்பது. திருப்பதியில் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சர்ச்சுல ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வாங்கினு வாம்மா. எது நிஜம்னு அதுல தெரிஞ்சுடும். சனிக்கிழமை ஃபைலை அனுப்பிடுவேன்.”

2002 மே மாதம், ஒரு திங்கட்கிழமை அது.

சித்தூரில் அவளுடைய சபை சின்னது. தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற ஏசுரத்தினம்தான் செயலாளர். இரண்டு வருஷம் முன்பு அவருடைய அக்கா மகன் ஆண்ட்ரூ, அமெரிக்கா போகுமுன், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைத் திறக்க ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்திருந்தான். ‘இனி கம்ப்யூட்டரில் உள்ளதே பதிவேடு’ என்று ஏசுரத்தினம் முன்மொழிய, கமிட்டி தீர்மானம் போட்டது. கிழிந்த வேதாகமத்தை எரிக்கவோ குப்பையில் போடவோ மனம் வராமல் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பது அங்கே வழக்கம். பழைய பதிவேட்டுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, ஜெபம் பண்ணி, ஒரு பாட்டும் பாடிப் புதைத்தார்கள்.

ஆண்ட்ரூவின் புரோகிராம் விண்டோஸ் 98-இல் மட்டும் ஓடும். இந்த வருஷம் பொங்கல் கழித்துக் கம்ப்யூட்டர் கடைக்காரன் பிரவீன் வந்து புது விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டுக் காட்டினான். திரையில் பச்சைப் புல்மேடு, நீல ஆகாயம், வெள்ளை மேகம். ஏசுரத்தினம் உருகிப்போனார். “மேய்ப்பர் ஒருத்தர்தான் பாக்கி” என்றார். கமிட்டி ஒருமனதாகப் புதுசை ஏற்றுக்கொண்டது. பதிவேட்டைத் திறக்க வேண்டிய அவசியம் ஈவ்லின் வரும் வரை யாருக்கும் வரவில்லை. அவள் வந்தாள், அது திறக்கவில்லை.

அமெரிக்காவுக்குப் போன் போட்டார்கள்.

“ஃபைலெல்லாம் பத்திரமாத்தான் இருக்கும் மாமா. பழைய 98-ஐப் போடுங்க, திறந்துக்கும்.”

செவ்வாயும் புதனும் ஈவ்லின் திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடையிலும் புதுசுதான் இருந்தது. ஒரு கடைக்காரர் அவளை இரக்கத்தோடு பார்த்து, நல்ல தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை பிரவீன் உண்மையைச் சொன்னான்.

“எங்கிட்டயே பழைய சி.டி. ஒரு கட்டு இருந்துச்சு சார். உங்களுதும் அதுலதான். புதுசு வந்ததும் எவன் கேக்கறான்? பங்காருபாளையத்துல எத்திராஜ்னு மாந்தோப்புக்காரர், கிளி விரட்டறதுக்குன்னு வாரிக்கினு போய்ட்டார்.”

“சபையோட சி.டி.யைக் கிளிக்குப் போட்டியா?”

“கிளிக்காவது உதவுச்சேன்னு சந்தோஷப்படுங்க சார்.”

மூவரும் பஸ் பிடித்துப் போனார்கள். தோப்பு முழுக்க நடு ஓட்டையில் நூல் கோத்த சி.டி.க்கள் கிளைகளில் சுழன்று மின்னின. பெங்களூரா மாங்காய் காய்த்துத் தொங்கியது. பிரவீன் ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று தலையைச் சாய்த்துப் படித்தான். சினிமாப் பாட்டு, ஜாதகம், டைப்பிங் பயிற்சி. பதினேழாவது மரத்தில் 98 இருந்தது.

எத்திராஜ் கையைக் குறுக்கே நீட்டினார். “அதை மட்டும் தொடாதே நைனா. இந்தத் தோப்புலயே கிளி பயப்படறது அது ஒண்ணுக்குத்தான்.”

“அதுக்குப் பதிலா மூணு புதுசு தர்றேன்” என்றான் பிரவீன். “எக்ஸ்பி. லேட்டஸ்ட்டு.”

“புதுசும் கட்டிப் பாத்தாச்சு. கிளி அதும்மேலயே உக்காந்துக்கினு துன்னுது.”

ஏசுரத்தினம் பிரவீனைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? கிளிக்குத் தெரிஞ்சிருக்குது.”

ஈவ்லின் முன்னால் வந்தாள். “அண்ணா, என் வேலை இந்த மரத்துல தொங்குது. திங்கக்கிழமை நானே கொண்டாந்து கட்டிடறேன். அதுவரைக்கும் இது இருக்கட்டும்.” அவள் நீட்டியது ஏசுரத்தினத்தின் எவர்சில்வர் டிபன் மூடி. எத்திராஜ் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிளி பறந்தது. சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பிரவீன் சி.டி.யில் இருந்த மாம்பால் கறையைச் சட்டையில் துடைத்து உள்ளே தள்ளினான். பச்சை மேடு போனது. பழைய நீலத் திரை வந்து, இருபத்தைந்து எழுத்துள்ள ஒரு நம்பரைக் கேட்டது. அது சி.டி.யின் கவரில் இருந்திருக்கும். கவர்களைப் பிரவீன் என்றோ பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தான்.

மறுபடியும் அமெரிக்கா.

“கவர் தொலைஞ்சிடும்னு எனக்குத் தெரியும் மாமா. அதான் தொலையவே தொலையாத இடமாப் பாத்து எழுதி வெச்சேன். பழைய ரெஜிஸ்டர்ல, முதல் பக்கம்.”

குழி வெட்டும் முனிசாமி கடப்பாரையோடு வந்தார். “புதைக்கறதுக்கு ஜெபம் பண்ணீங்களேய்யா, எழுப்பறதுக்கு ஒண்ணும் கிடையாதா?”

“பேசாம தோண்டுப்பா.”

கரையான் பிளாஸ்டிக்கைத் தாண்டியிருக்கவில்லை. ஏசுரத்தினம் நம்பரைப் படிக்கப் படிக்க பிரவீன் தட்டினான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு, இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும் என்றது. காத்திருந்த நேரத்தில் ஈவ்லின் பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில், பாதிரியாரின் நீல மையில் அவள் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்தது நவம்பர் ஒன்பது.

“அங்கிள், இதோ இருக்குது!”

“கீழ வெய்ம்மா அதை.”

“கையெழுத்தெல்லாம் இருக்குது அங்கிள்.”

“இருக்கட்டும். அது அடக்கம் பண்ண புஸ்தகம். அதைப் பாத்து நான் சர்ட்டிபிகேட் குடுத்தா கமிட்டித் தீர்மானம் என்னாகறது?”

“இப்ப நம்பர் எடுத்தோமே?”

“நம்பர் பதிவு இல்ல, குறிப்பு.” அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்குப் புரோகிராம் திறந்தது. ஈவ்லின், நவம்பர் ஒன்பது. ஏசுரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு பிரிண்ட் போடச் சொன்னார். பிரிண்டர் அசையவில்லை.

பிரவீன் தலையைச் சொறிந்தான். “பிரிண்டர் இந்த வருஷத்து சரக்கு சார். அதுக்கு 98-ஐ யாருன்னே தெரியாது.”

ஏசுரத்தினம் சபையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திரைக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஏம்மா, தாளுக்கு அடியில வெச்சு எழுத கெட்டியா ஏதாவது குடு.”

ஈவ்லின் பதிவேட்டைக் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசியில் ‘கம்ப்யூட்டர் பதிவேட்டுடன் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். அட்டையில் ஒட்டியிருந்த கல்லறை மண் தாளின் ஓரத்தில் கொஞ்சம் பட்டிருந்தது. ஊதித் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை திருப்பதியில் ஏஜென்ட் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கையில எழுதினதா?”

“ஆமா சார்.”

“நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர்ல அடிச்சதெல்லாம் நான் வாங்கறதில்ல. எவன் வேணா அடிச்சுக்கினு வந்துடறான்” என்று சொல்லித் தாளை ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார்.