சட்டைக்குள் தைத்த நம்பர்

உங்கள் கடைப் பலகையில் இருக்கிற போன் நம்பர் உங்களுடையதுதானா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். நாலு வருடம் முன்னால் அக்காவிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பிழைக்க வந்த இடத்தில் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்ட முதல் ஆள். சலவைக்கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் தையல்கடை வைத்திருக்கிறாள். ஒரு மேசை, இரண்டு மெஷின், துணி மாற்றிப் பார்க்க ஒரு திரை. ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது எல்லாம் அன்றாட வேலை. அவள் பேர் வாங்கியது வேறொன்றில். கையைத் தூக்க முடியாத வயதானவர்களுக்கு முதுகுப் பக்கம் திறக்கிற சட்டை தைப்பாள். முன்னால் பொத்தான் சும்மா பேருக்கு. பின்னால் ஒட்டுப்பட்டை. எதிரில் நின்று பார்த்தால் சாதாரணச் சட்டைதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம். வருடா வருடம் குளிர் தொடங்கும் முன் அங்கிருந்து போன் வரும். அக்கா போய் எல்லோருக்கும் அளவெடுத்து வருவாள். அந்த ஒரு போனில்தான் கடை ஆறு மாதம் ஓடும்.

கடைக்கு இணையப் பக்கம் போட்டுக்கொடுத்தது நான்தான். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு எல்லாமே இலவசம் என்றது அந்தச் சேவை. பக்கம் இலவசம். கடைக்கென்று தனி நம்பரும் இலவசம். அதில் கூப்பிட்டால் அக்காவின் போனில் அடிக்கும்.

"என் நம்பரையே போட்டா என்னடா?" என்றாள்.

"தனி நம்பர்னா ஒரு கெத்துக்கா. நாளைக்கு நீ போன மாத்தினாலும் கடை நம்பர் மாறாது."

அத்தான் வேன் ஓட்டுகிறவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "ஒருத்தன் சும்மா குடுக்கறான்னா, அவன் என்ன உன் மாமனாரா?"

"உங்களுக்குக் குடிக்கிற தண்ணியில கூட சந்தேகம்," என்றாள் அக்கா.

பலகையோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தைத்து முடிக்கிற ஒவ்வொரு துணியின் உள்பக்கமும் விரல் அகலத்துக்கு ஒரு நாடா வைத்தாள். மேலே கடை பேர், கீழே அந்த நம்பர். அட்டை குடுத்தா தொலைச்சிடுவாங்க, சட்டையத் தொலைக்க மாட்டாங்க என்பாள். நாலு வருடத்தில் அந்த நாடா இல்லாமல் கடையை விட்டுப் போன துணியே இல்லை.

இந்த வருடம் மூன்று வாரமாகக் கடை நம்பருக்கு யாரிடமிருந்தும் போன் வரவில்லை. அக்கா வேலை குறைந்த நேரம் என்று நினைத்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம், வாடிக்கையாய் வரும் டீச்சரம்மா கிழிந்த கோட்டோடு உள்ளே வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"கடையத்தான் மூடிட்டியாமே?"

"யார் சொன்னது?"

"உன் நம்பருக்குத்தான் போட்டேன். அந்தக் கடை இப்ப இல்லைங்க, நாங்களே செஞ்சு தர்றோம்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், விளக்கு எரிஞ்சுது."

லீவு நாள் என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன். என் போனிலிருந்து அந்த நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் குரல் எடுத்தது.

"சொல்லுங்க சார், வீட்டுக்கே வந்து அளவெடுக்கறோம்."

"இது எங்க அக்கா கடை நம்பருங்க."

"எங்களுக்கு அந்த வெப்சைட் கம்பெனிதான் குடுத்தாங்க சார். ஏற்கனவே நிறைய பேர் கூப்பிடுற நம்பர்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

ஊரின் மறுகோடியில் இருக்கிற தையல்கடை அது. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அக்காவின் மெயிலைத் திறந்தேன். விளம்பரக் குப்பைக்குள் ஒரு மாதத்துக்கு முந்தைய கடிதம் கிடந்தது. இலவசத் திட்டம் மாறுகிறது, பத்து நாளில் கட்டணத் திட்டத்துக்கு வராவிட்டால் நம்பர் திரும்ப எடுக்கப்படும் என்று. நிபந்தனைகளை முதல்முறையாகப் படித்தேன். எறும்பு எழுத்தில், எங்கோ அடியில், நம்பர் நிறுவனத்தின் சொத்து, வேறு வாடிக்கையாளருக்குத் தரப்படலாம் என்று இருந்தது. சம்மதம் என்ற கட்டத்தில் டிக் போட்டவன் நான். உதவிப் பெட்டியில் எழுதினேன். ஏதோ இயந்திரம் பதில் போட்டது: "உங்கள் தொழில் மேலும் வளர வாழ்த்துகள்." நாலு முறை எழுதினேன். நாலு முறையும் வாழ்த்தியது.

திருடன் என்றால் ராத்திரியில் பூட்டை உடைத்துக்கொண்டு வருவான், போலீசிடமாவது போகலாம். இவர்கள் வாழ்த்திக்கொண்டே எடுத்துப்போகிறார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதானே அத்தனை பக்கம் எழுதி வைக்கிறார்கள்? வெறும் நம்பரை அக்காவிடம் கொடுத்தார்கள். தையல் என்றால் ஊரே கூப்பிடுகிற நம்பராக அவள் அதை ஆக்கிய பிறகு, இன்னொரு தையல்காரருக்கே விற்றுவிட்டார்கள்.

"அப்ப நாலு வருஷமா எவனுக்கோ விளம்பரம் தெச்சுக் குடுத்திருக்கேன், என் நூல்ல," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னாலதான்க்கா."

"உன்னால என்ன? படிக்கத் தெரிஞ்சவன்னு உன்ன நம்பினேன், நீ அவன நம்பின."

வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. "இல்லத்துல இருந்து கூப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். இல்லத்துப் பெரிய நர்ஸின் சொந்த நம்பர் அவளிடம் இருந்தது. போட்டாள். சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"நான் போன மாசமே வேலைய விட்டு நின்னுட்டேம்மா. புதுசா வந்த பொண்ணுக்கு உன்னத் தெரியாது. அதனால என்ன, சட்டைக்குள்ள நம்பர் இருக்கு, பாத்துக் கூப்பிடும்மான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். கூப்பிடலையா?"

அக்கா உடனே இல்லத்து அலுவலகத்துக்குப் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்களாம்.

இன்று காலை எட்டு மணிக்கு அக்காவோடு நானும் போனேன். புது நர்ஸ் போன திங்கட்கிழமையே அந்த நம்பருக்குப் போன் செய்திருந்தாள். மறுகோடிக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து முப்பத்தொரு பேருக்கும் அளவெடுத்துவிட்டார்கள். மாதிரிக்கு என்று அக்கா தைத்த சட்டை ஒன்றையும் கொண்டுபோயிருந்தார்கள்.