பதினாலடிச் சுவர்

மரப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குத் ‘தொபுக்கடீர்’ என்று பேர் வைத்தவர் சூப்பர்வைசர்தான். போன வருட விளையாட்டு விழாவில் தடை ஓட்டம் வைத்தார்கள். உருளைக் கட்டையைத் தாண்டும்போது கால் வழுக்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் குப்புற விழுந்தாள். நாற்பத்தோரு வயதுப் பொம்பளை விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதைப் படம் பிடித்து, கேன்டீன் டிவியில் ஒரு வாரம் முழுக்க ஓடவிட்டதுதான் அநியாயம். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அவளே விழுந்துகொண்டிருப்பாள். டிவி பக்கத்தில் நின்று சூப்பர்வைசர் கெக்கேபிக்கே என்று சிரிப்பார்.

விழுந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை. டிவியில் வருகிற ஜப்பான்காரர்களின் தடை ஓட்டப் போட்டியை ஏழு வருடமாக ஒரு வாரம் விடாமல் பார்க்கிறவள் அவள். நூறு பேர் வருவார்கள். மீன் விற்கிறவர், தீயணைப்புக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். முக்கால்வாசிப் பேர் தண்ணீரில்தான் போய் விழுவார்கள். ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து நிற்பார்கள், கூட்டம் கைதட்டும். விழுந்தவனுக்குக் கைதட்டத் தெரிந்தவர்கள் என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. அப்படிப்பட்டவளைப் பார்த்து இந்த ஆள் சிரித்தார். அவள் அதை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவளைக் கிண்டல் பண்ணுவதற்காக அந்த நிகழ்ச்சியைப் பார்க்க ஆரம்பித்த சூப்பர்வைசருக்கே அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டே மாதத்தில் பெரிய நிபுணர் ஆகிவிட்டார்.

“கடைசியில ஒரு வளைஞ்ச சுவர் வருதே, அதெல்லாம் ஒரு சுவரா? மூணு எட்டு, ஒரு தாவு. இவனுங்க ஏன் வழுக்கி வழுக்கி விழுறானுங்கன்னே தெரியல.”

டிவியிலேயே எல்லாம் கற்றுக்கொண்டவர்கள் செய்கிற தப்பு இது. கேமரா தூரத்தில் இருக்கும்; சுவர் சின்னதாகத் தெரியும். அது பதினாலடி என்று அவளுக்குத் தெரியும். டிவி முன்னால் அளவுநாடாவோடு உட்கார்ந்து, சுவரடியில் நிற்கிற ஆளின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டவள் அவள்.

இந்த வருட விழாவில் அதே மாதிரி ஒரு சுவர் வைக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார்; அதைச் செய்கிற வேலை அவளிடமே வந்தது. கேன்டீனில், எல்லார் முன்னாலும், வேண்டுமென்றே கேட்டாள்.

“சார், பத்தடி வெச்சா போதுமா?”

“பத்தடியா? அது சின்னப் பசங்க ஏறுறது. டிவியில வர்ற அதே அளவு வை. நான் ஏறிக் காட்டுறேன்.”

“அப்ப வரைபடத்துல ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்.”

உயரம் எழுதிய இடத்தைப் பார்க்காமலேயே போட்டார்.

ஒரு திருகாணியைத் தளர்வாக விட்டால் போதும், மனுஷன் மூக்குடைந்து விழுவார். அந்த யோசனை அவளுக்கு வராமல் இல்லை. ஆனால் அப்புறம் சுவர் மேல் பழி போடுவார். அவருக்கு ஒரு சாக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது. நல்ல பலகையாகப் பொறுக்கி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இம்மி பிசகாமல் செய்தாள். பிறகு மூன்று வாரம், வேலை முடிந்து பஸ் வருவதற்குள், யாருக்கும் தெரியாமல் அதில் ஏறிப் பழகினாள். முட்டி இரண்டும் தோலுரிந்தது.

“உனக்கென்ன பதினாறு வயசா?” என்று மருந்து தடவியபடி புருஷன் கேட்டான்.

“கோவத்துக்கு ஏதுங்க வயசு?” என்றாள்.

விழா அன்று முதலாளி முன்வரிசையில் இருந்தார். சூப்பர்வைசர் புது ஷூ போட்டுக்கொண்டு, ஆளுக்கு மூன்று தடவை ஏறலாம் என்று மைக்கில் அறிவித்துவிட்டு ஓடினார். முதல் தடவை பாதியில் வழுக்கினார். இரண்டாவது தடவை சுவரில் மார்பு இடித்தது.

“சுவரே தப்பு! இதுல மனுஷன் ஏறுவானா?” என்று கத்தினார்.

அவள் வேலைச் செருப்போடு ஓடி வந்தாள். காலைப் பார்க்காமல் மேல் விளிம்பையே பார்த்து மிதித்தாள். மேலே போய் நின்றாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

இனி சூப்பர்வைசருக்குப் பின்வாங்க வழியில்லை. மூன்றாம் தடவை உயிரைக் கொடுத்து ஓடி வந்து எம்பினார். விரல் நுனி விளிம்பைத் தொட்டது. அவள் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தூக்கும்மா, தூக்கு! முதலாளி பாக்குறாரு!”

“தூக்குறேன் சார். என் பேர் என்ன?”

“என்னது?”

“எங்க அப்பா அம்மா வெச்ச பேரு. சொல்லுங்க, தூக்குறேன்.”

ஒன்பது வருடமாக டோக்கன் நம்பரைப் பார்த்தே அவளுக்கு வருகை போடுகிறவர் அவர். தொங்கிக்கொண்டே திருதிருவென்று விழித்தார்.

“நாப்பத்தேழு!” என்றார் கடைசியில். “நீ டோக்கன் நாப்பத்தேழு!”

கையை விட்டாள். தாடை பலகையில் உரச, பதினாலடியும் சறுக்கிப் போய் மெத்தையில் உட்கார்ந்தார். ஒரு வருடமாக அவள் வயிற்றில் எரிந்தது அப்போதுதான் அணைந்தது. இனிப்பாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கீழே எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். விசில் பறந்தது. பாசம் பொங்க, ஒரே குரலில் அவளைக் கூப்பிட்டார்கள்:

“தொபுக்கடீர்! தொபுக்கடீர்!”

அவள் மேலே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேன்டீனில் அவரோடு சேர்ந்து சிரித்த அதே முகங்கள். அடுத்த வருடச் சுவருக்குப் பதினாறடிப் பலகை வேண்டும் என்று முதலாளியிடம் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். போட்டி எல்லாருக்கும் கட்டாயம் என்றும் அதில் எழுத வேண்டும்.