விசிறிக் கூண்டுக்குள் ஒரு மல்பெரி

என் நாத்தனார் மோட்டார் வைண்டிங் செய்பவள். தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவள் வைண்டிங்கம்மாதான். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் இறைக்காத பம்பு, சுற்றாத மிக்ஸி எல்லாம் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். கருகிய சுருளை அறுத்தெடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, மறுபடி ஓடவைப்பாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஒரு புருவம் மட்டும் ஏறி இறங்கும்.

அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், இறந்த பிறகும் நாங்கள் இருவரும் அந்த வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று உறவுக்குள் பந்தயமே நடந்ததாகக் கேள்வி. பதினான்கு வருடம் தாங்கினோம்.

கோழி வளர்க்க ஆசைப்பட்டது அவள். வீட்டுக்குப் பின்னால் இருபது காலடி நீளம், ஒன்பது காலடி அகலத்தில் வெறும் மண் தரை கிடந்தது. அதைச் சுற்றி வலை அடித்து, ஒரு மூலையில் தகரக் கூரை போட்டுக் கொட்டில் கட்டினாள். பத்துக் கோழிகள் வந்தன. அவற்றில் சிவப்பாக ஒன்று, மற்றவை தின்பதை நின்று மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் தான் தின்னும். அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள். இரண்டே மாதத்தில் அங்கே இருந்த நாலு புல்லையும் கிளறித் தின்று, தரையை மொட்டையடித்துவிட்டன.

முதல் கோடையில், ஒரே மத்தியானத்தில் மூன்று கோழிகள் செத்துப்போயின. மேற்கு வெயில் நேராக வலைக்குள் இறங்கியது. தகரக் கொட்டில் அடுப்பு மாதிரி கொதித்தது. நான் வேலை முடிந்து வந்தபோது, மிச்ச ஏழும் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, சுவரோரம் இருந்த ஒரு சாண் நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் செத்த மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து மழை வந்தது. மொட்டைத் தரை சேறாயிற்று. சேறு நாறத் தொடங்கியது. வீட்டுக்காரர் மாடியில் குடியிருந்தார். அவர் வீட்டு பால்கனி நேராக எங்கள் பின்புறத்துக்கு மேலேதான். ஒருநாள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, பால்கனியில நின்னு ஒரு டீ குடிக்க முடியல."

"கதவ சாத்திட்டுக் குடிங்களேன் சார்," என்றாள் இவள்.

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. இங்க பாரு, அடுத்த கோடைய வெச்சு முடிவு பண்ணிடலாம். நாத்தமும் வரக் கூடாது, செத்த கோழியும் என் கண்ணுல படக் கூடாது. இல்லேன்னா கோழிய யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கும் தண்ணி டேங்க் வைக்க இடம் வேணும்."

அவர் போன பிறகு அவள் முகம் சின்னதாகிவிட்டது. கொட்டில் பக்கம் போய் சூப்பர்வைசரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "உன்ன எவனுக்கும் குடுக்க மாட்டேன். ஆனா நீயும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்," என்று அதனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மழை விட்ட முதல் விடுமுறை நாளில் அவள் ஒரு காரியம் செய்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கு ஒருமுறை பின்புறம் போய், நிழல் எங்கே முடிகிறதோ அங்கே வரிசையாகக் கம்பித் துண்டுகளை நட்டாள். எல்லாக் கம்பியையும் நட்டு முடித்தபோது தரை முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

"பைத்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு?" என்றேன்.

"மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு வரைக்கும் கம்பியே இல்லாத இடம் எது சொல்லுங்க? அந்த மேற்கு ஓரம். கோழி சாகுறது அங்கதான். மரம் வேண்டியதும் அங்கதான் அண்ணி. வேற எங்க வெச்சாலும் மரம் அழகா இருக்கும், அவ்வளவுதான்."

கண்ணால் பார்த்தே சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரம் நானே யோசித்துப் பார்த்தேன். மரத்தை நான் கிழக்கு மூலையில் வைத்திருப்பேன். அங்கே மண் நன்றாக இருந்தது.

மல்பெரிக் குச்சிகள் மூன்றைக் கொண்டுவந்து மேற்கு ஓரத்தில் நட்டாள். சீக்கிரம் வளரும், இலை அகலம், பழம் உதிர்ந்தால் கோழிக்கே தீனி. வலையோரம் எலுமிச்சம்புல், வலையில் ஏறப் பசலைக் கொடி, நடுவில் திட்டுத் திட்டாகக் கீரையும் புல்லும். மிச்ச சேற்றின் மேல் தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூளும், தெரு முழுக்கக் கூட்டி வந்த சருகும் கொட்டினாள். நாற்றம் அந்த வாரமே பாதியாயிற்று. ஆனால் கோழிக்கு முன்னால் எந்தச் செடி நிற்கும்? அதற்கு அவள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், கூடவே பெருமையும் வரும்.

பழுதாகி வந்த மேஜை விசிறிகளின் கம்பிக் கூண்டுகள் பரண் நிறையக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து, கீரைத் திட்டு ஒவ்வொன்றின் மேலும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி கவிழ்த்து, ஓரத்தில் கல் வைத்தாள். இலை வளர்ந்து கம்பிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதை மட்டும் கோழி கொத்தலாம். வேரும் தண்டும் உள்ளே பத்திரம். மல்பெரிக்கு இன்னும் ஒரு படி மேலே போனாள். கூண்டின் நடுவில் கம்பெனி பேர் போட்ட வட்டத் தகடு இருக்கும் அல்லவா, அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் குச்சியை நுழைத்தாள். குச்சி பாவாடை கட்டிக்கொண்ட மாதிரி நின்றது. அடியில் மண்ணைக் கிளறக் கோழிக்கு வழியே இல்லை.

வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, செடிக்குக் காத்து வரலேன்னு ஃபேன் போட்டிருக்கியா?"

"கரண்டு மட்டும் நீங்க குடுங்க சார்."

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் கீரையெல்லாம் கூண்டை முட்டிக்கொண்டு வளைந்து நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மூச்சு முட்டியது. அவள் எங்கோ பம்பு மாட்டப் போயிருந்த ஒரு காலையில், பாவம், கொஞ்சம் நிமிரட்டுமே என்று பதினொரு கூண்டையும் எடுத்துவிட்டேன். மல்பெரியின் பாவாடையையும் விடவில்லை. உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒரு கீரைத் தண்டுகூட மிச்சமில்லை. மல்பெரி மூன்றில் இரண்டு வேரோடு சாய்ந்து, கிளை கிளையாக ஒடிந்து கிடந்தன. பதமான மண்ணில் பள்ளம் பறித்து, மூன்று கோழிகள் கண்ணை மூடிப் புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் வாயில் ஒரு இலையோடு என்னைப் பார்த்தது.

அவள் வந்தாள். பார்த்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கோடைத் தவணை எனக்கும் தெரியும் அல்லவா.

"அண்ணி, உங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி," என்றாள். "கோழிக்கே அது தெரிஞ்சுபோச்சு."

"திட்டு. நல்லா திட்டு."

"எதுக்கு? கிளையா ஒடிச்சுக் குடுத்திருக்குதுங்க. எனக்கு வெட்டுற வேலை மிச்சம்." ஒடிந்த கிளைகளை ஒரு சாண் ஒரு சாணாக நறுக்கி, பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் போட்டு நட்டுவைத்தாள். பன்னிரண்டு குச்சிகள். பிறகு கோழிகள் பறித்த பள்ளத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் அவற்றையே பார்த்தாள். "இதுங்களுக்குச் செடி மேல கோவம் இல்ல அண்ணி. குளிக்க இடம் இல்ல." மறுநாள் ஒரு பழைய லாரி டயரை உருட்டி வந்து, கிழக்கு மூலையில் போட்டு, அடுப்புச் சாம்பலும் மணலும் கொட்டி நிரப்பினாள். அன்றிலிருந்து ஏழும் அங்கேதான் குளியல். வரிசை முறையை சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டது. மல்பெரி அடியை எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதே மாதிரி இன்னொரு முறையும் நான் அவளிடம் மாட்டியிருக்கிறேன். அவள் இல்லாத நேரம் ஒருவர் விசிறி கொண்டுவந்தார். சுருளின் முனை அறுந்து தொங்கியது. அவள் செய்வதைப் பார்த்திருந்த தைரியத்தில், சுருளில் கரண்டு ஓடுமா என்று காட்டும் மீட்டரை நானே வைத்தேன். முள் அசையவில்லை. "சார், இது செத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. அதற்குள் இவள் வந்து, பிளேடால் கம்பி முனையை இரண்டு இழுப்பு இழுத்து மீட்டரை வைத்தாள். முள் துள்ளி எழுந்தது. "கம்பி மேல வார்னிஷ் பூச்சு இருக்கும், நீங்க அது மேலயே வெச்சுப் பாத்திருக்கீங்க அண்ணி. சுரண்டிப் பாக்காம செத்துப்போச்சுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது." அவர் போன பிறகு, "டாக்டராகாம விட்டீங்களே, ஊர் தப்பிச்சுது," என்றாள்.

குளிர்காலம் தொடங்கும்போது தப்பிப் பிழைத்த அந்த ஒரு மல்பெரி என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. டப்பாக் குச்சிகளில் ஏழு துளிர்த்திருந்தன. அவற்றில் இரண்டை மேற்கு ஓரத்தில், மறுபடி பாவாடை கட்டி, நட்டாள். அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

நான் காலையில் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அந்த நாட்களில் மல்பெரி இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. ஒன்பதாம் நாள் மரத்தில் ஒரு இலைகூட இல்லை. மூன்றும் வெறும் குச்சி. நான் தண்ணீர் ஊற்ற மறந்ததில்லை. என் கைராசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவள் கேட்டாள். "மல்பெரி எப்படி இருக்கு?"

"பச்சைப்பசேல்னு இருக்கு," என்றேன்.

"இலை கொட்டலையா?"

"ஒண்ணுகூடக் கொட்டல."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. கூண்ட மட்டும் எடுத்துடாதீங்க," என்றாள். இரண்டு நாள் கழித்து இறந்துபோனாள்.

மூன்று வாரம் போயிருக்கும். வீட்டுக்காரர் பின்புறம் வந்தார். நல்ல மனிதர்தான், அவள் போனதற்கு என்னைவிட அதிகமாக அழுதவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூன்று குச்சிகளையும் பார்த்தார்.

"அவ போனதும் இதுவும் பட்டுப்போச்சு பாத்தியாம்மா," என்றார் தழுதழுத்து. "நீ தனியா எப்படி இதெல்லாம் பாப்ப? கோழிய என் மச்சான் பண்ணையில விட்டுடலாம். மரத்தப் பிடுங்கிட்டு டேங்க் வெச்சுடறேன். கோடைக்கு மூணு மாசம்தான் இருக்கு." சொல்லிக்கொண்டே உயரமான குச்சியைக் கையில் பிடித்தார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்னறைக்குப் போனேன். அவள் மேஜை அவள் விட்ட மாதிரியே இருந்தது. பாதி சுற்றிய ஒரு சுருள், பக்கத்தில் பிளேடு. அதை எடுத்து வந்து, குச்சியின் பட்டையை இரண்டு இழுப்பு இழுத்தேன். பழுப்புத் தோல் உரிந்தது. உள்ளே பச்சை. விரல் வைத்தால் ஈரம்.

அடுத்த குச்சி. பச்சை. மூன்றாவதும் பச்சை.

அவள் எதற்குச் சிரித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிருக்கு இலை கொட்டும் மரம் அது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒண்ணுகூடக் கொட்டல என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபோது, என் பொய்யும், அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"உயிர் இருக்கு சார். சுரண்டிப் பாக்காம சொல்லக் கூடாது."

அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் நகத்தால் தானே ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். "ஆமா," என்றார். "சரி, அவகிட்ட சொன்னது சொன்னதுதான். கோடை வரட்டும்."

குளிர் விட்டதும் மூன்று குச்சியிலும் கணுவுக்குக் கணு மொட்டு வெடித்தது. நான் செய்தது தண்ணீர் ஊற்றியதும், எதையும் எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததும்தான். இரண்டாவது எனக்குக் கஷ்டமான வேலை. கோடை வந்தபோது பெரிய மரத்தின் நிழல், மத்தியானம் இரண்டு மணிக்கு, அவள் கம்பியே நட முடியாத அந்த மேற்கு ஓரத்தில் சரியாக விழுந்தது. பசலை வலையை மூடியிருந்தது. கோழிகள் ஏழும் நிழலில் காலை நீட்டிப் படுத்திருந்தன. ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை.

கோடையின் உச்சத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு இறங்கி வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கோழிகளை எண்ணினார். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீயை ஆற அமரக் குடித்தார். அந்த வருடம்தான் முதல் முதலாக ஒரு கைப்பிடி பழம் பிடித்திருந்தது. எழுந்து போகும்போது அவர் வெள்ளைச் சட்டையின் தோளில் கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு கறை.

"சட்டை போச்சேம்மா!" என்று கத்தினார். "இதுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லு அவள," என்றவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் கருப்புச் சட்டை போட்டுட்டு வாங்க சார்," என்றேன்.

மறுநாள் போட்டுக்கொண்டுதான் வந்தார்.